தாது வருஷப் பஞ்சமும் நம்ம மயிலாப்பூர்க் கால்வாயும்

இது கொஞ்சம் நீளமான பதிவு. காபி டம்ளரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பொறுமையாகப் படியுங்கள்.

சிகாகோ பக்கம் குடியிருக்கும் நம் பழைய மாணவி ஒருத்தி போன வாரம் வாட்ஸ்ஆப்பில் ஒரு கேள்வி அனுப்பியிருந்தாள். அங்கே ஸ்கோக்கி என்ற ஊரில் யூதர் இனப்படுகொலை நினைவு அருங்காட்சியகம் இருக்கிறது. கோடை விடுமுறையில் அக்கம்பக்கத்துக் குடும்பங்களை அழைத்து நிகழ்ச்சி நடத்துகிறார்கள். அவள் பெண்ணும் போய் வந்திருக்கிறாள். வந்ததும் அம்மாவிடம், "நம்ம ஊர்ல இந்த மாதிரி எதுவும் நடக்கலையா? நடந்திருந்தா எங்கே போய்ப் பார்க்கிறது?" என்று கேட்டிருக்கிறாள். அம்மா அந்தக் கேள்வியை எனக்குத் தள்ளிவிட்டாள். வாட்ஸ்ஆப்பில் நாலு வரியில் பதில் சொல்ல முடியாது. உங்களில் பலருக்கும் வீட்டில் அதே வயதுப் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இருப்பதால் எல்லாருக்குமாக இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஸ்கோக்கி. ஹிட்லரின் முகாம்களில் தப்பிப் பிழைத்த யூதர்கள் நிறைய பேர் போருக்குப் பிறகு அந்த ஊரில் குடியேறினார்கள். பெரும்பாலோர் நடந்ததைச் சொந்தப் பிள்ளைகளிடம்கூடப் பேசவில்லை. 1977ல் அமெரிக்க நாஜிக் கும்பல் ஒன்று அதே ஊரில் ஊர்வலம் போகப் போவதாக அறிவித்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. கடைசியில் அந்த ஊரில் ஊர்வலம் நடக்கவில்லை. ஆனால் அந்த அதிர்ச்சியில்தான் முதியவர்கள் வாயைத் திறந்தார்கள். 1981ல் ஒரு சங்கம் அமைத்து, கடைத்தெருவில் சின்ன இடம் பிடித்து, பள்ளிப் பிள்ளைகளிடம் நேரில் பேசத் தொடங்கினார்கள். 1990ல் இலினாய் மாநிலம் இந்த வரலாற்றைப் பள்ளிகளில் கட்டாயப் பாடமாக்கியது. அமெரிக்காவில் அதைச் செய்த முதல் மாநிலம் அதுதான். இப்போதுள்ள பெரிய கட்டடம் 2009ல்தான் திறக்கப்பட்டது. வரிசையைக் கவனியுங்கள். முதலில் பேச்சு, பிறகு பாடம், கட்டடம் கடைசியில்.

ருவாண்டா நாட்டில் 1994 ஏப்ரல் 7 தொடங்கி ஏறத்தாழ நூறு நாட்களில் லட்சக்கணக்கான துட்சி மக்கள் கொல்லப்பட்டார்கள். கிகாலி நகரத்து நினைவகத்தில் இரண்டரை லட்சம் பேருக்கு மேல் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்கள். அங்கே குழந்தைகளுக்கென்று ஓர் அறை. ஒவ்வொரு குழந்தையின் படத்துக்குக் கீழும் அதற்குப் பிடித்த சாப்பாடு, பிடித்த விளையாட்டு என்று எழுதி வைத்திருக்கிறார்கள். இரண்டரை லட்சம் என்பது ஒரு எண். ஒரு குழந்தைக்குப் பிடித்த சாப்பாடு என்ன என்று தெரிந்தால் அது நம் வீட்டுக் குழந்தை ஆகிவிடுகிறது.

நம் நாட்டில் அமிர்தசரஸ் டவுன் ஹாலில் பிரிவினை அருங்காட்சியகம் 2017ல் திறக்கப்பட்டது. அங்கே இருப்பவற்றில் பல, சாதாரணக் குடும்பங்கள் கொடுத்த பொருள்கள். அகதியாக வந்த பெண் ஒருவரின் பூவேலை போட்ட மேல்சட்டையும், அவர் பின்னால் மணந்துகொண்டவரின் தோல்பெட்டியும் அருகருகே இருக்கின்றன.

நம் தமிழ்ச் சனங்களுக்கு வருவோம். ஈழத்தில் மே மாதம் முள்ளிவாய்க்கால் கஞ்சி காய்ச்சுவது உங்களுக்குத் தெரிந்திருக்கும். 2009ல் போரின் கடைசி நாட்களில், குண்டுமழைக்கு நடுவே, அந்த ஒடுங்கிய கடற்கரையில் அடைபட்ட மக்களை உயிரோடு வைத்திருந்தது அரிசியும் தண்ணீரும் உப்பும் போட்ட கஞ்சிதான். அதனால் ஒவ்வொரு வருஷமும் மே 18ஐ ஒட்டிய வாரத்தில் தெருவோரமாகப் பானை வைத்து, பல இடங்களில் தேங்காய்ச் சிரட்டையில் ஊற்றி, போகிற வருகிற எல்லாருக்கும் கொடுக்கிறார்கள். அதற்கும் தடை வந்தது. 2024 மே மாதம் திருகோணமலை மாவட்டம் சம்பூரில் கஞ்சி கொடுத்ததற்காக மூன்று பெண்கள் உட்பட நாலு பேர் கைது செய்யப்பட்டு, பிறகு பிணையில் வந்தார்கள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்து நினைவுத்தூபி 2021 ஜனவரியில் இரவோடு இரவாக இடிக்கப்பட்டது. மாணவர்கள் விடவில்லை, சில மாதங்களில் திரும்பக் கட்டினார்கள். கனடாவில் பிராம்ப்டன் நகரப் பூங்காவில் 2025 மே மாதம் நினைவுச்சின்னம் திறந்தார்கள். கல்லில் கட்டியதை இடிக்க முடிகிறது. கஞ்சிப் பழக்கம் கைதுக்குப் பிறகும் நிற்கவில்லை.

அந்தக் கஞ்சிதான் எனக்கு நம் ஊர்க் கதையை நினைவுபடுத்தியது.

மயிலாப்பூரில் படித்த பிள்ளைகள் எல்லாருக்கும் பக்கிங்காம் கால்வாய் தெரியும். மூக்கைப் பிடித்துக்கொண்டு பாலத்தைக் கடந்திருப்பீர்கள். இப்போது அதன் மேலே பறக்கும் ரயில் போகிறது. முண்டகக்கண்ணியம்மன் கோயில், திருமயிலை, மந்தைவெளி என்று ஸ்டேஷன்களின் தூண்கள் அந்தத் தண்ணீரில்தான் நிற்கின்றன. அந்தக் கால்வாயை யார் வெட்டினார்கள், எதற்காக வெட்டினார்கள் என்று கேட்டால் எத்தனை பேர் சொல்வீர்கள்?

மொத்தக் கால்வாய் ஆந்திராவின் பெத்தகஞ்சத்திலிருந்து மரக்காணம் வரை சுமார் 420 கிலோமீட்டர். வடக்கே எண்ணூர்ப் பக்கத்துப் பகுதியை 1806லேயே கோக்ரேன் என்ற வியாபாரி வெட்டிவிட்டார். ஆனால் நகரத்துக்குள் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் சுமார் 8 கிலோமீட்டர், அதாவது சேப்பாக்கம், திருவல்லிக்கேணி, மயிலாப்பூர், மந்தைவெளி வழியாக நம் வீட்டு வாசலில் ஓடுகிற துண்டு, 1877-78ல் வெட்டப்பட்டது. பஞ்ச நிவாரண வேலையாக, பட்டினி கிடந்தவர்கள் கையால் வெட்டப்பட்டது. அப்போதைய ஆளுநர் பக்கிங்காம் பிரபு. 1878ல் அவர் பெயரை வைத்தார்கள்.

அந்தப் பஞ்சத்தை நம் பெரியவர்கள் தாது வருஷப் பஞ்சம் என்பார்கள். அறுபது தமிழ் வருஷங்களில் ஒன்று தாது. 1876 ஏப்ரலில் பிறந்தது. அதற்கடுத்த ஈசுவர வருஷமும் பஞ்சத்திலேயே போயிற்று. 1876ல் தென்மேற்குப் பருவமழை ஏமாற்றியது, வடகிழக்கும் கைவிட்டது. சென்னை மாகாணத்தோடு மைசூர், ஐதராபாத், பம்பாய்ப் பகுதிகளும் காய்ந்தன. இரண்டு வருஷத்தில் பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதியில் மட்டும் ஏறத்தாழ 55 லட்சம் பேர் செத்தார்கள் என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. சமஸ்தானங்களையும் சேர்த்து இதைவிட அதிகமாகச் சொல்பவர்களும் உண்டு. சேலம் மாவட்டத்தில் 1871 கணக்கெடுப்பில் இருந்த மக்கள்தொகையைவிட 1881ல் குறைவு. பத்து வருஷத்தில் ஒரு மாவட்டம் சுருங்கிவிட்டது.

மழை இல்லாததுதான் காரணம் என்று முடித்துவிடலாமா? முடியாது, ஏனென்று சொல்கிறேன்.

1873-74ல் பீகாரில் பஞ்சம் வந்தது. சர் ரிச்சர்ட் டெம்பிள் என்ற அதிகாரி பர்மாவிலிருந்து அரிசியை வரவழைத்துக் கொடுத்தார். பட்டினிச் சாவு ஏறக்குறைய இல்லாமலே அந்தப் பஞ்சம் கடந்தது. ஆக, வழி தெரியாமல் இல்லை. ஆனால் அதிகச் செலவு செய்துவிட்டார் என்று டெம்பிளை எல்லாரும் திட்டினார்கள். மூன்று வருஷம் கழித்து அதே டெம்பிளை, செலவைக் குறைக்கச் சொல்லி வைஸ்ராய் லிட்டன் சென்னை மாகாணத்துக்கு அனுப்பினார். 1877 ஜனவரி 1 அன்று டெல்லியில் விக்டோரியாவை இந்தியாவின் பேரரசி என்று அறிவிக்கும் பெரிய தர்பார் நடந்தது. அதே மாதம் டெம்பிள் இங்கே கிளம்பி வந்தார்.

வந்தவர் கூலியைக் குறைத்தார். நாள் முழுக்க மண் வெட்டும் ஓர் ஆணுக்கு ஒரு பவுண்டு தானியம், அதாவது சுமார் 450 கிராம், கூட ஓர் அணா. பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் அதற்கும் கீழே. வரலாற்றில் இதற்கு டெம்பிள் கூலி என்றே பெயர். உடம்பில் தெம்புள்ளவர்கள் தங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே வேலை கேட்கக் கூடாது, பத்து மைல் தாண்டிப் போக வேண்டும் என்ற நிபந்தனையும் வந்தது. எளிதாகக் கொடுத்தால் எல்லாரும் வந்துவிடுவார்களாம்.

இதை எதிர்த்த ஆள் அரசாங்கத்துக்குள்ளேயே இருந்தார். மாகாணச் சுகாதார ஆணையர் டாக்டர் கார்னிஷ். வேலை செய்கிற உடம்புக்குக் குறைந்தது ஒன்றரைப் பவுண்டு தானியமும், பருப்பும் காய்கறியும் வேண்டும் என்று எழுதி எழுதிப் போராடினார். கடைசியில் சென்னை அரசு பாதி இறங்கி வந்தது. தானியத்தை ஒன்றேகால் பவுண்டாக்கிக் கொஞ்சம் பருப்பும் சேர்த்தார்கள். அதற்குள் எத்தனையோ பேர் போய்விட்டார்கள்.

தானியமே இல்லையா என்றால், அதுவும் இல்லை. ராயபுரத்திலிருந்து தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856லேயே ஓடிவிட்டது. தானியம் ஓடியது, விலையும் கூடவே ஓடியது. சென்னைக் கடற்கரையில் மூட்டை மூட்டையாக அடுக்கியிருந்தார்கள். வாங்கக் காசுதான் இல்லை. சந்தையில் அரசு கைவைக்கக் கூடாது என்பது லிட்டனின் கொள்கை. இந்தியாவிலிருந்து தானிய ஏற்றுமதியும் நிற்கவில்லை. இதையெல்லாம் அப்போது சென்னையில் பத்திரிகை ஆசிரியராக இருந்த வில்லியம் டிக்பி 1878லேயே இரண்டு பெரிய புத்தகத் தொகுதிகளாக எழுதி வைத்திருக்கிறார். எழுதியவரும் வெள்ளைக்காரர்தான்.

இனி ஒரு எண்ணைச் சொல்கிறேன். மைக் டேவிஸ் என்ற அமெரிக்க எழுத்தாளர் 2001ல் இந்தப் பஞ்சங்களைப் பற்றி ஒரு நூல் எழுதினார். அதில் ஓர் அட்டவணை. 1944ல் புக்கன்வால்ட் நாஜி முகாமில் கைதிக்குக் கொடுத்த உணவு ஒரு நாளைக்கு 1,750 கலோரி. 1877ல் சென்னையில் டெம்பிள் கூலி 1,627 கலோரி. அந்தக் கூலிதான் நம் கால்வாய்க் காலத்துக் கூலி.

அப்படியானால் இதுவும் இனப்படுகொலையா என்று கேட்பீர்கள். வகுப்பில் எப்போதும் முதல் பெஞ்சிலிருந்து வரும் கேள்விதான். அந்தச் சொல்லின் ஆங்கில மூலத்தை ரஃபேல் லெம்கின் என்ற சட்ட அறிஞர் 1944ல் உருவாக்கினார். 1948 டிசம்பர் 9ல் ஐ.நா. சபை உடன்படிக்கை செய்தது. அதன்படி ஒரு கூட்டத்தை அழிக்க வேண்டும் என்ற நோக்கம் இருந்தாக வேண்டும். 1932-33ல் உக்ரைனில் நடந்த பஞ்சத்தை இன்று பல நாடுகள் இனப்படுகொலை என்று ஏற்றுக்கொண்டிருக்கின்றன. கீவ் நகரில் அதற்கு அருங்காட்சியகமே இருக்கிறது. லிட்டனுக்கும் டெம்பிளுக்கும் நம்மை ஒழிக்கும் எண்ணம் இருந்தது என்று நான் சொல்ல மாட்டேன். அவர்கள் கணக்குப் பார்த்தார்கள். அந்தக் கணக்கில் நம் உயிர் மலிவாக இருந்தது. இதற்கு என்ன பெயர் வைப்பது என்பதைச் சட்டம் படித்தவர்கள் பேசட்டும். பெயர் முடிவான பிறகுதான் செத்தவர்களை நினைப்போம் என்றால் எந்தக் காலத்திலும் நினைக்க மாட்டோம்.

இன்னொன்றும் சொல்லித்தான் ஆக வேண்டும். சிலருக்கு வருத்தமாக இருக்கும், பரவாயில்லை. பழியை முழுக்க வெள்ளைக்காரன் தலையில் போட்டுவிட்டு நாம் எழுந்து போக முடியாது. தானியத்தைப் பதுக்கி விலை ஏற்றியவர்கள் நம் வியாபாரிகள். கால்காசுக்கு நிலத்தை எழுதி வாங்கியவர்கள் நம் வட்டிக்காரர்கள். செத்தவர்களில் மிகப் பெரும்பாலோர் நிலமில்லாத கூலிகள், தாழ்த்தப்பட்டவர்கள், தறி நின்றுபோன நெசவாளிகள். பிழைத்தவர்களில் பலர் கப்பல் ஏறினார்கள். இலங்கைத் தோட்டங்களுக்கு அந்த இரண்டு வருஷங்களில் போன கூட்டம் மிகப் பெரியது. இன்றைய மலையகத் தமிழர்களில் பலருடைய முன்னோர் அப்படிப் போனவர்கள். நம் குடும்பங்கள் அன்று எந்தப் பக்கம் நின்றன என்பது நம் வீட்டுப் பழைய பத்திரங்களைப் பார்த்தால் தெரியலாம்.

நல்லவர்களும் இருந்தார்கள். மாயவரத்தில் முன்சீப்பாக இருந்த வேதநாயகம் பிள்ளை, தமிழின் முதல் நாவலை எழுதியவர், தன் சொத்தைக் கரைத்துக் கஞ்சி ஊற்றினார். கோபாலகிருஷ்ண பாரதியார் அவரைப் போற்றிக் கீர்த்தனையே பாடினார். மதுரையில் குஞ்சரம் என்ற தாசி, வீட்டில் இருந்ததை எல்லாம் விற்றுக் கஞ்சித்தொட்டி வைத்த கதையை இன்றும் சொல்வார்கள். அதற்கு முன்பே, 1867ல், வள்ளலார் வடலூரில் மூட்டிய அடுப்பு இன்னும் எரிகிறது. சென்னையில் ஸ்டான்லி ஆஸ்பத்திரியைப் பழைய ஆட்கள் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்பார்களே, அதன் வேர் 1782ல் பஞ்சத்துக்காகத் தொடங்கிய சத்திரம். பாருங்கள், நம் ஊரில் பஞ்சத்தின் நினைவு கட்டடத்தில் இல்லாவிட்டாலும் பேச்சில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

ஆனால் பேச்சும் தேய்கிறது. தி.நகர் உறவுகள் கோபித்துக்கொள்ள வேண்டாம். நீங்கள் குடியிருப்பது 1920களில் வற்றடித்த பெரிய ஏரியின் மேல். மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு என்ற பெயராவது அந்த ஏரிக்குச் சாட்சி சொல்கிறது. கால்வாய்க்கு ஆளுநர் பெயர் இருக்கிறது. வெட்டியவர்களுக்கு ஒரு கல்கூட நான் மயிலாப்பூரில் பார்த்ததில்லை.

அதனால் ஒரு யோசனை. ஸ்கோக்கிக்காரர்கள் கட்டடம் வரும் வரை காத்திருக்கவில்லை. நாமும் காத்திருக்க வேண்டாம். வருகிற மே மாதம் நாலு ஞாயிற்றுக்கிழமை, காலை 6 மணி முதல் 8 மணி வரை. கட்டணம் கிடையாது. பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகள், கூட ஒரு பெரியவர்.

முதல் ஞாயிறு, நடை. திருமயிலை ஸ்டேஷனில் கூடி, கால்வாய் ஓரமாகப் போக முடிகிற தெருக்கள் வழியே மந்தைவெளி, கிரீன்வேஸ் ரோடு வரை. அங்கே கால்வாய் அடையாற்றில் சேருவதைப் பிள்ளைகள் கண்ணால் பார்க்கட்டும். வெயில் ஏறுவதற்குள் முடித்துவிடலாம்.

இரண்டாவது ஞாயிறு, தராசு. 450 கிராம் அரிசியை நிறுத்துத் தட்டில் கொட்டுவோம். ஒன்றேகால் பவுண்டையும், டாக்டர் கார்னிஷ் கேட்ட ஒன்றரைப் பவுண்டையும் பக்கத்தில் வைப்போம். ஒரு மண்வெட்டியையும் கொடுத்துப் பத்து நிமிஷம் வெட்டச் சொல்வோம். வேறு பிரசங்கம் வேண்டாம்.

மூன்றாவது ஞாயிறு, பாட்டிகள். தாது வருஷம் பற்றி வீட்டில் கேட்ட ஒரு வார்த்தை, ஒரு பழமொழி, புளியங்கொட்டையை வறுத்து இடித்துத் தின்ற கதை, எதுவானாலும் சரி. பிள்ளைகள் கேட்டு நோட்டில் எழுத வேண்டும். செல்போனில் பதிவும் செய்யலாம். எழுபது, எண்பது வயதில் இருப்பவர்களின் கொள்ளுத்தாத்தா அந்தப் பஞ்சத்தைக் கண்ணால் பார்த்தவர். இந்தத் தலைமுறை போய்விட்டால் கேட்க ஆள் இல்லை.

நாலாவது ஞாயிறு, கஞ்சி. எல்லாரும் சேர்ந்து காய்ச்சிக் குடித்து, தெருவில் வருகிறவர்களுக்கும் கொடுப்போம். மே 18 அந்த வாரத்தை ஒட்டி வந்தால் ஈழத்துச் சனங்களையும் அன்றே நினைத்துக்கொள்வோம்.

"சின்னப் பிள்ளைகளுக்கு எதுக்கு டீச்சர் சாவுக் கதை?" என்று என் நாத்தனாரே கேட்டுவிட்டார். நியாயமான கேள்விதான். ஹூப்பர் என்ற ராணுவ அதிகாரி எடுத்த பஞ்சப் புகைப்படங்கள் இணையத்தில் கிடைக்கின்றன. எலும்பும் தோலுமான மனிதர்களை உட்கார வைத்து எடுத்தவை. படம் எடுத்தாரே தவிர அவர்களுக்கு உதவவில்லை என்று அந்தக் காலத்திலேயே ஏச்சு வாங்கினார். அவற்றைப் பிள்ளைகளுக்குக் காட்டப் போவதில்லை. ஸ்கோக்கியிலும் சின்னப் பிள்ளைகளுக்குத் தனிப் பகுதிதான். அங்கே அவர்களிடம் பேசுவது, கூடப் படிக்கிறவனை நாலு பேர் சேர்ந்து சீண்டும்போது நீ வேடிக்கை பார்ப்பாயா, எழுந்து கேட்பாயா என்பதைத்தான். நம் பிள்ளைகளுக்கு நான் டெம்பிளையும் கார்னிஷையும் சொல்வேன். இரண்டு பேரும் ஒரே அரசாங்கத்தில் சம்பளம் வாங்கியவர்கள். ஒருவர் மேலிடம் சொன்னபடி தட்டைக் குறைத்தார், ஒருவர் போதாது என்று எழுதினார். நாளைக்கு ஆபீசிலும் ஆஸ்பத்திரியிலும் கலெக்டர் அலுவலகத்திலும் உட்காரப் போகிற பிள்ளைகளுக்கு இந்தப் பாடம் வேண்டாமா?

வர விரும்புகிறவர்கள் கீழே பெயரும் பிள்ளையின் வயதும் போடுங்கள். தராசு யார் வீட்டில் இருக்கிறது, பெரிய பாத்திரம் யார் கொடுப்பீர்கள் என்பதையும் சொல்லுங்கள். வெளிநாட்டில் இருப்பவர்கள் மூன்றாவது ஞாயிறு வீடியோ காலில் வரலாம். அம்மா அப்பாவிடம் கேட்டதை எழுதி அனுப்பினாலும் போதும். வாசித்துக் காட்டுகிறேன். எழுத்துப்பிழை இருந்தால் இப்போதும் சிவப்பு மையில் திருத்துவேன் என்பது நினைவிருக்கட்டும்!

அன்புடன்,
உங்கள் டீச்சர்